பிறப்பு உடலில் இருக்கிறதா?

சாதி உடலோடு ஒட்டியதா, பக்தியால் கழன்றுவிடக் கூடியதா என்பது தமிழ் வைணவத்தின் பழைய வழக்கு. பெருமாளின் அடியார் எந்தக் குலத்தில் பிறந்தவர் என்று கிளறிப் பார்ப்பதையே கொடிய குற்றங்களுள் ஒன்றாக வைத்தார் பிள்ளை லோகாசாரியர். ஸ்ரீவசனபூஷணத்தில் அதற்கு அவர் சொல்லும் ஒப்புமை, பெற்ற தாயின் கற்பைச் சோதிப்பது. வேதாந்த தேசிகர் (1268–1369) ரஹஸ்யத்ரயஸாரத்தில் வேறு நிலை எடுத்தார். அடியாருக்குரிய மரியாதை குறையாது. ஆனால் சாதி உடலோடு வந்தது, உடல் உள்ளவரை அது போகாது என்றார். பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரைக் கும்பிடும் ஒரு மரபுக்குள் இந்த வழக்கு எழுந்ததில் வியப்பில்லை. வியப்பு, அது இன்னும் முடியாதிருப்பதுதான்.

பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதர் கோயில் கொண்டிருக்கும் பள்ளிகொண்டாவில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது அந்த ஊர். செத்த மாட்டின் தோலைத் தொட்டவர் யார் என்பதை வைத்தே பிறப்பின் மேல் கீழ் பல தலைமுறைகளாகத் தீர்மானிக்கப்பட்டது. அதே தோல் பதனிடப்பட்டு, ஷூவாகி, ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்போது அதன் தீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பிறப்பு உண்மையிலேயே உடலில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை இப்போது ஓரளவு சோதித்துப் பார்க்க முடியும். 2009இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவினரும் இந்தியாவின் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டனர். இந்தியப் பெருநிலத்தின் சமூகங்கள் ஏறக்குறைய எல்லாமே, ஒன்றுக்கொன்று தொலைவான பண்டைய மக்கள் கலந்ததால் உருவானவை, விகிதம்தான் மாறுகிறது. 2013இல் அதே வழியில் வந்த அடுத்த ஆய்வு அந்தக் கலப்பின் காலத்தைக் கணித்தது: இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன். அதன் பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. அவரவர் சமூகத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்றானது.

தேசிகரின் வாதத்துக்கு இது பாதி வலுவே தருகிறது. ஆம், சமூகத்தின் தடம் உடலில் இருக்கிறது. ஆனால் அது உயர்வு தாழ்வின் தடம் அல்ல, திருமணத்தின் தடம். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எத்தனை தலைமுறை கொடுக்க மறுத்தார்கள் என்ற கணக்கு மட்டுமே அதில் உண்டு. கலப்பில்லாத குலம் என்று பெருமை பேச அந்த ஏட்டில் எவருக்கும் இடமில்லை.

இந்தத் தடம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு ஆரிய வைசியர் வரலாறு நல்ல சான்று. ஆந்திரத்தில் வேர்கொண்ட இந்த வணிகச் சமூகம் வடதமிழக நகரங்களிலும் பரவி வாழ்கிறது. பெனுகொண்டாவில் வாசவி கன்னிகா பரமேஸ்வரியோடு 102 கோத்திரத்தார் தீப்புகுந்தனர் என்பது அவர்களது புனித வரலாறு. அரசன் ஒருவனுக்குப் பெண் கொடுக்க மறுத்ததே அதன் மையம். சிறு கூட்டமாக ஒதுங்கி, வெளியே பெண் கொடுக்காமல் பெருகிய சமூகம் இது என்று மரபணுவும் சொல்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றன என்று கொள்ள ஆதாரமில்லை. ஆனாலும் புராணம் எதை முக்கியமென்று நினைவில் வைத்ததோ, அதையே உடலும் வைத்திருக்கிறது.

விளைவு அறுவை அரங்கில் தெரியும். பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு, மற்ற மக்களைக் காட்டிலும் வைசியரிடம் சுமார் 100 மடங்கு அதிகம். மயக்க மருத்துவர் தரும் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்து மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். இவர்களில் சிலருக்கு அது மணிக்கணக்கில் நீடித்து மூச்சை முடக்கும். மருந்து இறங்கும்வரை செயற்கை சுவாசம் தேவைப்படும். இது உறவுமுறைத் திருமணத்தால் மட்டும் வருவதல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன் கூட்டம் சிறியதாக இருந்ததே போதும். தூரத்து மணமக்களும் ஒரே மூதாதையின் குறையைச் சுமந்து வரலாம். 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 81 சமூகங்களுக்கு இந்தத் தடம் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதரையும் விட ஆழமாக இருந்தது.

மதம் மாறினால் மரபு மாறுமா என்பது இந்த வட்டாரத்தில் அடுத்த கேள்வி. ஆம்பூர், பேரணாம்பட்டு முஸ்லிம்களில் உருது பேசுவோர் பலர். அவர்களுள் தமிழிலிருந்து உருதுவுக்கு வந்த லப்பைக் குடும்பங்களும் உண்டு. ஆகவே பேசும் மொழியை வைத்து வம்சம் சொல்ல முடியாது. 2009இல் வெளியான ஆய்வொன்று இந்திய முஸ்லிம் சமூகங்கள் சிலவற்றை எடுத்துப் பார்த்தது. அவர்களின் மரபணு பெரும்பாலும் அக்கம்பக்கத்து முஸ்லிமல்லாதோருடையதே. மேற்காசியத் தடம் உண்டு, ஆனால் சிறிது. அரபு வம்சப் பெருமைக்கு இது இடி. இஸ்லாமிய நெறிக்கு இதனால் இழப்பில்லை. அரபிக்கு அரபியல்லாதவரைவிட மேன்மை இல்லை என்று நபிகளின் இறுதிப் பேருரை முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஒற்றை மரபணுக் குறியை வைத்துப் பெருமை பேசுவதும் பலவீனமானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் ஆய்வில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமவாசி ஒருவரிடம் எம்130 என்ற குறி கண்டறியப்பட்டதும், பத்திரிகைகள் அவரை இந்தியாவின் முதல் மனிதரின் வாரிசாக்கின. அந்தக் குறி தந்தையிலிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒற்றை இழை. பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அந்த இழை அவற்றில் ஒன்றைத்தான் சொல்லும்.

இவ்வளவும் மாதிரி எடுக்கப்பட்டவர்களைப் பற்றியது. 2019 கணக்குப்படி, உலகின் மரபணு–நோய்த் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றோரில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சத்தினர். ஜீனோம் இந்தியா திட்டம் 83 சமூகங்களிலிருந்து சுமார் 10,000 பேரின் முழு மரபணு வரிசையைத் திரட்டியது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்தியாவின் அகமணச் சமூகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விடுபட்டவர்களின் நோய்க்கு மருந்து தாமதமாகும் என்பதால், இது நீதியின் கேள்வியும் ஆகிறது. ஆனால் ரத்தம் கொடுத்தவர் எதற்குச் சம்மதித்தார் என்பதும் அதே நீதியில் சேரும். அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தில் அவர்களது பூர்வீகமும் ஆராயப்பட்டது. தங்கள் தோற்றக் கதைக்கு எதிரான முடிவுக்கு அது பயன்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

லோகாசாரியர் தடுத்த விசாரணை ஒருவரைத் தாழ்த்துவதற்கான விசாரணை. மருத்துவர் நோயாளியின் சமூகத்தைக் கேட்பது வேறு வகை. அங்கே மறைப்பது ஆபத்து. குடும்பத்தில் எவருக்காவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானது தெரிந்திருந்தால், அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த நொதியின் அளவை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே அறியலாம்.