யார் சொன்ன கதை?

புத்தி பேதலித்துப்போன ஒருத்தனின் வாழ்க்கையைச் சொல்லும் உரிமை யாருக்குப் போகிறது? ‘உண்மைக் கதை’ என்று வரும் படங்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

2004இல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ படத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை மெக்கானிக் முருகன், ஆதிக்கச் சாதிப் பணக்கார வீட்டுப் பெண்ணோடு சென்னைக்கு ஓடிக் கல்யாணம் பண்ணுகிறான். நயமாகப் பேசித் திரும்பக் கூட்டிவந்து, குற்றுயிராக அடித்து, தாலியைக் கழற்ற வைக்கிறார்கள். சில வருஷம் கழித்து அவன் தெருவில் பைத்தியமாகத் திரிகிறான். அவளுடைய கணவன் பெருந்தன்மையோடு அவனைப் பராமரிக்க முன்வருகிறான். ரயிலில் கூட வந்த பயணி சொன்ன கதை என்றார்கள்.

பைத்தியத்தைச் சிரிப்புக்கு வைத்துக்கொண்ட தமிழ் சினிமாவில், அடியைக் காட்டியதே பெரிசு. மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் நாம் கணவனின் நல்ல மனசை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறோம். அடித்தவன் என்ன ஆனான்? முருகன் தன் கதையை எப்படிச் சொல்லியிருப்பான்?

அமெரிக்கக் கணித மேதை ஜான் நாஷ் பற்றி 2001இல் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ வந்தது. 1970க்குப் பிறகு மருந்தே எடுக்காத மனிதரை, புது மருந்து சாப்பிடுவதாகப் படத்தில் பேச வைத்தார்கள். அவர் 1994இல் நோபல் பரிசு வாங்கியவர். ‘நான் அப்படியில்லை’ என்று சொன்னால் கேட்க உலகம் இருந்தது. மெக்கானிக் சொன்னால் கேட்க யார் இருக்கா?

இங்கே பந்தலூரில், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட சனங்களின் லைன் வீடுகளில், யாராவது தடுமாறிப்போனால் ‘செய்வினை’, ‘மெண்டல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பிறந்த மண்ணைப் பிடுங்கியது, கடன், அவமானம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அமுங்கிப்போகும். எல்லா மனநோயும் அநியாயத்தால் வருவதில்லை. மருந்தும் வைத்தியமும் வேணும். ஆனால் அநியாயம் நடந்த இடத்தில் நோயை மட்டும் காட்டுவது குற்றவாளியைத் தப்பவிடும் வேலை.

சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவைக்கூட அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம். போட்டோவுக்கே சம்மதம் வேணும்னா, வாழ்க்கைக்கு?

சம்மதத்துக்குக் காத்திருந்தால் கொடுமை வெளியே வராதே என்பார்கள். நியாயம்தான். அப்படியானால், அவன் பேச முடியாத இடத்தில் அவனுக்காக அழுகிற காமிரா, அடித்தவனின் வீட்டு வாசலிலும் அதே அளவு நேரம் நிற்கட்டும். அவன் மெக்கானிக்காக இருந்த நாட்களை அறிந்தவர்களிடம் போய் விசாரிக்கட்டும். அதற்குத் துணிவில்லாதவர்கள் ‘உண்மைக் கதை’ என்று போட வேண்டாம்.