சுருங்காதவை

மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களைப் பெரிய குழந்தைகள் என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு அவர்கள் காரியத்தில் ஓர் அறப் பிரச்னை தெரிகிறது. பாவனையில் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட வேண்டுமா?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் பாதை போட்டு ரயில் ஓட்டும் பழக்கம் நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. ஓ கேஜ் என்ற வகையில் தண்டவாளங்களுக்கு நடுவே 32 மி.மீ. இடைவெளி. நிஜத்தில் ஓர் அடியாக இருப்பது இதில் 7 மி.மீ. 60 அடிப் பெட்டி 42 செ.மீ. ஆகிவிடும், ஒரு மைல் 37 மீட்டரில் அடங்கிவிடும். ஆனால் மழைத்துளி அதே மழைத்துளிதான். உதிர்ந்த ஓர் இலை பாதையை மறித்துவிடுகிறது. நடைமேடையில் ஏறும் நத்தை, அங்கு நிற்கும் பயணியின் உயரத்துக்கு இருக்கிறது. தோட்டம் இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை.

வாக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வட்டமாகச் சுற்றும் வண்டிக்கு ஓர் ஆள் போதும். கால அட்டவணைப்படி ஓட்ட நண்பர்கள் வேண்டும்; நிலையத்துக்கு ஒருவர். சிலர் பிரிட்டிஷ் ரயில்வேயின் மணிக் குறிகளையே பின்பற்றுகிறார்கள். ஒரு முறை அடித்தால், கவனி. நான்கு அடித்தால், எக்ஸ்பிரஸை ஏற்றுக்கொள்வாயா? மறுமுனையில் இருப்பவர் அதே நான்கைத் திருப்பி அடித்தால் சம்மதம். வண்டி புறப்பட்டதும் இரண்டு. அது வந்து சேர்ந்து பாதை காலியானதும் அவர் இரண்டும் ஒன்றுமாக அடிப்பார். அதுவரை அடுத்த வண்டி காத்திருக்க வேண்டும். வண்டிக்குள் ஒரு ஜீவன் இல்லை. மோதினாலும் சாவு இல்லை. இருந்தும் சம்மதம் வருமுன் அனுப்பிவிட்டவரின் முகம் சிறுத்துவிடும். அந்த வெட்கம் பாவனை இல்லை.

1938-ல் வெளிவந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் ஹூயிஸிங்கா, ஏமாற்றுகிறவனை மன்னிக்கும் அளவுக்கு ஆட்டத்தைக் குலைப்பவனைச் சமூகம் மன்னிப்பதில்லை என்கிறார். ஏமாற்றுகிறவன் விதியை ஒப்புக்கொண்டுதான் மீறுகிறான். 'வெறும் பொம்மைதானே' என்கிறவன் மற்றவர்களின் உலகத்தையே கலைத்துவிடுகிறான்.

மறுமுனையில் மனிதன்தான் வேண்டுமா என்று கேட்கலாம். பீட்டர் டென்னி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் பக்கிங்ஹாம் என்ற மாதிரிப் பாதையை வீட்டுக்குள் அமைத்தவர். மகன் கிரிஸ்பின் உடனில்லாதபோது மறுமுனை நிலையத்தை நடத்த ஓர் இயந்திரம் செய்தார். மணிக்குப் பதில் மணி அடிக்கும்; வண்டியை அனுப்பும். பெயர் 'தானியங்கி கிரிஸ்பின்'. இயந்திரம் பழுதாகலாம், வாக்குத் தவற அதனால் முடியாது. தவற முடியாத ஒன்று வாக்கைக் காப்பாற்றுகிறது என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. அதற்கு மகனின் பெயரை வைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை நடந்துவிட்டது, இடம் யாருடையது என்பதைத் தந்தை மறக்கவில்லை.

நண்பர்களோடு ஓட்டிய நாட்களைப் பிரியத்தோடு நினைப்பவர்கள் எஞ்ஜினில் தொடங்கி ஆட்களிடம் வந்து சேர்வது இதனால்தான் போலும். எந்த முனையில் யார் நின்றார், யார் மணிக்கு உடனே பதில் தருவார், யார் தேநீர் குடிக்கப் போய்விடுவார் என்று. யாருக்கும் பயன்படாத காரியம்தான். பயனில்லாத இடத்தில் சொல்லைக் காப்பாற்றப் பயமும் கூலியும் தூண்டுவதில்லை. தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்கும் நண்பன் மட்டும் இருக்கிறான்.

சில நூறு பேருக்காகப் பத்திரிகை நடத்தும் நமக்கு இது புரியாத விஷயமில்லை. படிப்பவர் குறைவு என்பதற்காக ஒரு வரியைப் பிழையோடு அச்சுக்கு விட நமக்கு மனம் வருவதில்லை.