அடுத்தவன் பலகையில் விழுந்த குண்டு

1874 செப்டம்பர் 26. நியூயார்க் பக்கத்தில் கிரீட்மூர் என்ற சுடுதளம். அயர்லாந்து அணிக்கும் அமெரிக்க அணிக்கும் போட்டி. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜம் என மூன்று தூரங்கள். அமெரிக்கர்களிடம் பின்பக்கம் குண்டு போடும் புதுத் துப்பாக்கிகள். அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தது குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகை. மருந்தை அளந்து கொட்டி, குண்டை மேலே வைத்து, கம்பியால் அடிவரை தள்ளி, தொப்பியை மாட்டி, பிறகுதான் குறிபார்க்க வேண்டும். பழைய வகை என்றதும் மட்டமாக நினைத்துவிட வேண்டாம். அன்றைய தேதிக்கு உலகத்திலேயே துல்லியமான ஆயுதங்களில் ஒன்று அது.

அந்த அணியில் ஜே. கே. மில்னர் என்று ஒருவர். அவர் சுட்ட குண்டு ஒன்று சரியாக நடுப்பொட்டில் போய் விழுந்தது. ஆனால் பலகை அவருடையது இல்லை, பக்கத்தில் இருந்தது. நான்கு புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். கடைசியில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதில் அவசரத்தைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆயிரம் கஜம் போக அந்தக் குண்டுக்கு ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். அதற்குள் பூமி அதை நாற்பது மீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். அதனால் குழல் எப்போதும் இலக்குக்கு மேலே எங்கோ வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், ஈரம் எவ்வளவு, குழலில் பழைய கரி ஒட்டியிருக்கிறதா, எல்லாம் பார்த்தாக வேண்டும். மில்னர் அத்தனையும் பார்த்திருக்கிறார். இல்லையென்றால் நடுப்பொட்டு கிடைக்காது. எந்தப் பலகை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

குறி தப்பாமை ஒரு நற்குணமா? நம் பேச்சில் அப்படித்தான் வருகிறது. ‘குறி பாத்து அடிச்சாம்பா’ன்னா அது பாராட்டு. புறநானூற்றில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்துப் போகிறது. புலவர் வியக்கிறார், நாமும் வியக்கிறோம். அந்த உடும்பு என்ன பாவம் செய்தது என்று வகுப்பில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. துரோணர் வைத்த பரீட்சை இன்னும் பிரபலம். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, சுற்றி நிற்பவர்கள் தெரியவில்லை, பறவை மட்டும்தான் தெரிகிறது என்கிறான் அர்ஜுனன். மன ஒருமைப்பாட்டுக்கு உதாரணமாக இதைச் சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் கிடையாது. அது பொம்மைப் பறவை என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் கண்ணில் படாதது அங்கே பரவாயில்லை. பரீட்சை முடிந்து, பறவை நிஜமானால்?

வாலி வதைக்கு வருவோம். ராமனின் அம்பில் துல்லியக் குறை ஒன்றுமில்லை. வாலியின் புகாரும் அது இல்லை. ஏன் மறைந்து நின்றாய் என்றுதான் கேட்கிறான். கம்பனைப் படித்த தலைமுறைகள் இன்றுவரை பட்டிமன்றம் போட்டுத் தீராத கேள்வி அது. இத்தனைக்கும் அந்த வழக்கில் எய்தவன் முன்னால் வந்து நின்று பதில் சொல்கிறான். 1864 மே மாதம் அமெரிக்க உள்நாட்டுப் போரில், இவ்வளவு தூரத்திலிருந்து யானையைக்கூட அடிக்க முடியாது என்று தன் வீரர்களைக் கேலிசெய்த ஜெனரல் செட்ஜ்விக் சற்று நேரத்தில் கண்ணுக்குக் கீழே குண்டு பட்டுச் செத்தார். சுட்டது யார் என்று கடைசிவரை உறுதியாகவில்லை. வாலிக்குக் கிடைத்த வாய்ப்பு அவருக்கு இல்லை.

எங்க ஆவடிக்கு வந்தால் இந்தத் தூரத்தின் இரண்டு முனைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒருபக்கம் 1960களிலிருந்து டாங்கி கட்டும் கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தாவில் தொடங்கி அர்ஜுன் வரை வந்தாயிற்று (ஆமாம், அதே அர்ஜுனன்). இன்னொரு பக்கம் நரிக்குறவர் குடியிருப்பு. 2022 ஏப்ரலில் முதல்வர் வந்து ஒரு வீட்டில் சாப்பிட்டாரே, அது. அவர்களுடைய பரம்பரைத் துப்பாக்கியும் வாய் வழியாகக் கெட்டிப்பதுதான். ஆனால் உள்ளே புரி கிடையாது, வழவழப்பான குழல். குண்டைச் சுழலவிட்டு நேராக அனுப்புவது புரிதான். தூரத்துக்குச் சுட்டால் சிறுகுண்டுகள் சிதறிப்போகும். அதனால் கிட்டே போயாக வேண்டும். கிட்டே போக, கொக்கு எந்நேரம் இரை எடுக்கும், எந்தச் சத்தத்துக்குப் பறக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

உடனே அந்த வேட்டையை உன்னதமாக்கிவிடத் தேவையில்லை. கொக்குக்கு நாற்பது கஜமும் ஆயிரம் கஜமும் ஒன்றுதான். போதாததற்கு, சிதறும் குண்டு சாகடிக்காமல் சிறகை மட்டும் உடைத்துவிட்டுப் போகலாம். அது துல்லியத்தைவிடக் கொடுமை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழிலும் பெரும்பாலும் போய்விட்டது. கையில் பாசிமணிதான் மிச்சம். ஒரு கஷ்டமான விஷயம் மட்டும் சொல்லத் தோன்றுகிறது. கொக்கைச் சுட்டவர்களைக் கையில் துப்பாக்கியோடு பார்த்த நம் ஊர், அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. டாங்கியில் வேலை செய்தவரை ‘சென்ட்ரல் கவர்மென்ட் உத்தியோகம்’ என்று பொண்ணு கொடுத்தது.

டாங்கித் தொழிலாளியைக் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர், நல்ல மனிதர்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்பும் நேர்மை அவர்களுடையது. அந்த நேர்மை உண்மையானது என்பதுதான் சிக்கல். வேலையில் அவ்வளவு கவனம் வைத்தவருக்கு, மனசாட்சிக்குச் செலவழிக்க வேண்டியதும் அதிலேயே செலவாகிவிட்டது போலத் தோன்றலாம். காற்றைக் கணக்கிட்டு, மருந்தை எடைபோட்டு, குழலைத் துடைத்தவனுக்கு, நாம சரியாத்தான் இருக்கோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. எவ்வளவு சரியாக என்ற கேள்விக்குப் பதில் கையில் இருப்பதால், எதை நோக்கி என்ற கேள்வி காதில் விழுவதில்லை. ராணுவம் என்றில்லை. கடன் வசூலுக்கு மென்பொருள் எழுதும் அம்பத்தூர் எஸ்டேட் பையனுக்கும் இது பொருந்தும்.

மெதுவான ஆயுதம் யோசிக்க வைக்கும், ஒரே குண்டு என்றால் மனிதன் நிதானிப்பான் என்று கெட்டிப்புத் துப்பாக்கிப் பிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. அந்த நேரம் முழுக்க மருந்தைப் பற்றித்தான் யோசிக்கிறோம். சுட்ட பிறகும் கரிமருந்துப் புகை முன்னால் கவிந்து, என்ன நடந்தது என்பதைச் சில நொடிகளுக்கு மறைத்துவிடுகிறது.

சுடுதளங்களில் ஒவ்வொரு பலகையோடும் பெரிதாக ஓர் எண் எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்துப் பலகையில் சுட்டால் இன்றும் பூஜ்யம்தான். அந்த எண்ணைப் படிக்க, நடுப்பொட்டிலிருந்து ஒரு கணம் கண்ணை எடுக்க வேண்டும். எடுத்த நேரத்தில் காற்று மாறினால், முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியதுதான்.