பனிமலையும் பலர் தீர்ப்பும்

கனடாவின் மேற்குக் கரையோர மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், வான்கூவர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விஸ்லர் பிளாக்கோம் என்னும் பனிச்சறுக்குத் தலம், வட அமெரிக்காவின் மிகப் பெரிய சறுக்குத் தலங்களுள் ஒன்றாகவும், சறுக்குவோரிடையே கடும் கருத்து வேறுபாட்டை எழுப்பும் தலமாகவும் இருந்து வருகிறது. அதற்கு இணையான மலை வேறில்லை என்போரும், இனி அந்தப் பக்கமே போவதில்லை என்போரும் ஒரே வாரத்தில், ஒரே சரிவுகளில் இறங்கியவர்களாக இருப்பதுண்டு. இவர்களுள் ஒருவர் பிழையாகச் சொல்கிறாரா, இருவரும் தத்தம் விருப்பத்தை மட்டும் சொல்கிறார்களா என்னும் கேள்வி, ஒரு பொழுதுபோக்கைப் பற்றிய சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு பொருளை நல்லது என்றும் தீயது என்றும் சொல்லும்போது மனிதர் உண்மையில் எதைச் சொல்கிறார்கள் என்று ஆராயும் மதிப்பீட்டியல் என்ற மெய்யியல் பகுதிக்கு நேராக இட்டுச் செல்கிறது.

விஸ்லர் மலையில் சறுக்கு 1966-இல் தொடங்கியது. பள்ளத்தாக்கின் மறுபுறம் உள்ள பிளாக்கோம் மலை 1980-இல் திறக்கப்பட்டது. நெடுநாள் ஒன்றோடொன்று போட்டியிட்ட இவ்விரண்டும் 1990களின் பிற்பகுதியில் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 2008-இல், கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டிகளைக் கொண்ட கோண்டோலா ஒன்று 4.4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரு மலைகளையும் இணைத்தது. அதில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் இடையில் ஒரு தூணும் இல்லாமல் பள்ளத்தாக்கின் மேல் செல்கிறது. 2010-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகள் இங்கே நடந்தன. 2016-இல் அமெரிக்காவின் வெயில் ரிசார்ட்ஸ் நிறுவனம் இத்தலத்தை வாங்கியது. சறுக்குவதற்குரிய பரப்பு 8,000 ஏக்கருக்கும் மேல். குறியிடப்பட்ட சரிவுகள் 200-க்கும் மேல். உச்சியிலிருந்து அடிவார ஊர்வரை இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். புகழ்வோர் இந்த அளவைத்தான் முதலில் சொல்வர். கால் கடுக்கும்வரை முடியாத இறக்கமும், மரங்கள் வளராத உயரத்தில் விரிந்து கிடக்கும் கிண்ணம் போன்ற பனிப்பள்ளங்களும், தொடக்கநிலையினரும் தேர்ந்தவரும் ஒரே குடும்பமாக வந்து தத்தமக்கு ஏற்ற வழியில் இறங்கக்கூடிய வசதியும் வேறெங்கும் ஒருங்கே கிடைப்பதில்லை என்பது அவர்கள் வாதம். குறை சொல்வோர் அடிவார மழை, உச்சியை மூடும் மேகம், கனத்த பனி, சறுக்குவோரை மேலேற்றும் லிஃப்ட்டுகளின் வரிசை, விலை ஆகியவற்றைச் சொல்வர்.

‘அவரவர் விருப்பம்’ என்று இதை முடித்துவிட முடியுமா? ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், தீர்ப்புத்திறனை ஆராய்ந்து 1790-இல் வெளியிட்ட நூலில், இனிமை பற்றிய கூற்றையும் அழகு பற்றிய கூற்றையும் பிரித்துக் காட்டினார். ஒரு பானம் இனியது என்று ஒருவர் சொன்னால் அதில் ‘எனக்கு’ என்ற சொல் மறைந்து நிற்கிறது. மற்றவர் மறுத்தால் அவருக்கு இழப்பில்லை. ஒன்றை அழகியது என்று சொல்லும்போதோ, கேட்பவரும் அதற்கு உடன்பட வேண்டும் என்ற உரிமைக்கோரிக்கை கூடவே எழுகிறது. சறுக்குவோரின் பேச்சில் இவ்விரு வகையும் கலந்து வருவதே குழப்பத்துக்கு முதற்காரணம். மேகமூட்டத்தில் தமக்குத் தலை சுற்றுகிறது என்பவர் தம் உடலைப் பற்றிப் பேசுகிறார். இந்த மலை கெட்டுப்போய்விட்டது என்பவர் உலகைப் பற்றிப் பேசுகிறார், உடன்பாட்டையும் எதிர்பார்க்கிறார். பின்னவரிடம் அவரவர் விருப்பம் என்று சொல்வது பணிவான விடை போலத் தெரிந்தாலும், அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் விடுவதற்கே சமம்.

ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் சுவையின் அளவுகோல் பற்றி 1757-இல் வெளியிட்ட கட்டுரையில், ‘தோன் கிஹோத்தே’ நாவலிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர், மது நல்லதுதான், ஆனால் தோல் வாடை இருக்கிறது என்கிறார். மற்றவர் இரும்பு வாடை இருக்கிறது என்கிறார். இருவரையும் எல்லாரும் நகைக்கின்றனர். பீப்பாய் காலியானதும், தோல்வாரில் கட்டிய பழைய சாவியொன்று அதன் அடியில் கிடக்கக் காண்கின்றனர். முரண்பட்டதாகத் தோன்றும் இரு தீர்ப்புகள் ஒரே பொருளின் இரு கூறுகளைச் சரியாகவே தொட்டிருக்கக்கூடும் என்பதும், பழகிய நாவுக்கே அது பிடிபடும் என்பதும் ஹியூமின் கருத்து.

விஸ்லரின் பனியைப் பற்றிய சச்சரவில் அத்தகைய சாவியொன்று உண்மையிலேயே கிடக்கிறது. பசிபிக் பெருங்கடல் அருகில் இருப்பதால் அங்கே வீசும் காற்று ஈரம் மிகுந்தது. வெப்பநிலையும் உறைநிலையை ஒட்டியே பெரும்பாலும் நிற்பது. ஆகவே விழும் பனியில் நீர் மிகுதி, எடையும் மிகுதி. யூட்டா, கொலராடோ போன்ற உள்நாட்டு வறண்ட மலைகளில், காலால் தட்டினால் மாவுபோல் பறக்கும் பனிக்கு – சறுக்குவோர் அதைப் பவுடர் என்பர் – பழகியவருக்கு இந்தப் பனி முழங்காலைப் பிடித்திழுப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அதே ஈரம்தான் பனியைச் செங்குத்தான பாறை முகங்களில் ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. உலர்ந்த பனி சரிந்து கொட்டிவிடும் இடங்களிலும் கடலோரப் பனி படிந்து நிற்பதால், வேறிடத்தில் வெறும் பாறையாக இருக்கக்கூடிய முகடுகள் இங்கே இறங்கத்தக்க சரிவுகளாகின்றன. கனத்த பனி என்று குறை சொல்பவரும், இத்தனை செங்குத்தில் சறுக்க வேறெங்கே முடியும் என்று வியப்பவரும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளைச் சொல்கிறார்கள். அடிவார மழையும் இவ்வகையதே. ஊர் ஏறத்தாழ 675 மீட்டர் உயரத்தில் இருக்க, உச்சி 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், உறைநிலைக் கோடு இரண்டுக்கும் இடையில் விழும் நாள்களில் கீழே குடை பிடித்தவர் மேலே புதுப்பனியில் நிற்கிறார். 2010 ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான அதிவேக இறக்கப் போட்டியைக் குறித்த நாளில் நடத்த முடியாமல் தள்ளி வைக்கும்படி செய்ததும் இந்த வானிலைதான். நீண்ட இறக்கம் வேண்டும் என்பவர் தாழ்ந்த அடிவாரத்தையும் சேர்த்தே வேண்டுகிறார். ஒன்றைப் புகழ்ந்து மற்றதைப் பழிப்பது அறியாமையால் வரும் தீர்ப்பு.

தமிழிலக்கண நூலான தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. பொழுதைக் கழித்துவிட்டு நிலத்தை மட்டும் எண்ணுவதற்கு அங்கே இடமில்லை. எங்கோ ஒரு கனடிய மலையைப் பற்றிய தகராறில் இவ்வடிப்படை பயன்படும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை, ஆயினும் பயன்படுகிறது. சறுக்குமலையைப் பொறுத்தவரை இடம் என்பது பொழுதின்றிப் பொருள் தருவதில்லை. சனவரி மாதச் செவ்வாய்க்கிழமைக் காலையில் ஒருவர் கண்ட சரிவும், பிப்ரவரி விடுமுறைச் சனிக்கிழமை மாலையில் இன்னொருவர் கண்ட சரிவும் வரைபடத்தில் ஒரே பெயர் கொண்டவை என்பதைத் தவிர அவற்றுக்குள் பொது ஏதுமில்லாமலும் இருக்கலாம்.

இவ்வாறு விளக்கிக்கொண்டே போனால் எல்லாக் குறைகளும் கரைந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கூட்டத்தைப் பற்றிய குறை கரைவதில்லை. அது வேறு இனத்தைச் சேர்ந்தது. இரவெல்லாம் பனி விழுந்த மறுநாள் காலை, பனிச்சரிவு நேராதபடி ரோந்துப் பணியாளர்கள் மேல்முகடுகளில் வெடி வைத்துப் பனியை உதிர்க்கும் ஓசை கீழே கேட்டுக்கொண்டிருக்க, லிஃப்ட்டின் வாயிலில் வரிசை வளர்ந்துகொண்டே போகும். மேலே திறந்ததும் முதலில் இறங்குபவரின் பின்னால் இரண்டு கோடுகள் மட்டும் தெரியும். இருபதாமவர் அந்தக் கோடுகளுக்கு நடுவே எஞ்சிய வெண்மையைத் தேடித் திரும்புவார். நூறாமவருக்குக் கிடைப்பது மேடும் பள்ளமுமாகக் குழம்பிய பனி. யாரும் பிழை செய்யவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய இன்பத்தைத் துய்த்த அந்தச் செயலே அடுத்தவருக்கு அதை இல்லாமல் ஆக்கியது.

இயற்கை வளத்தை ஒருவர் தமதாக்கிக் கொள்வது எப்போது நியாயமாகும் என்று வினவிய பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், மற்றவர்க்குப் போதுமான அளவும் அதே தரமும் எஞ்சியிருக்கும்போது என்று விடை கண்டார். தடம் படாத பனிக்கு இந்த நிபந்தனை பொருந்தவே பொருந்தாது. முதல் தடத்திலேயே தரம் குறையத் தொடங்கிவிடுகிறது. பொருளியலாளர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976-இல் வெளியிட்ட நூலில், பிறர்க்குக் கிடைக்காதவரை மட்டுமே மதிப்புடையனவாக இருக்கும் இத்தகைய நன்மைகளை நிலைசார் நன்மைகள் எனப் பிரித்து, ஒரு சமூகம் எவ்வளவு செல்வம் பெற்றாலும் இவற்றை எல்லார்க்கும் பெருக்கித் தர இயலாது என்று வாதிட்டார். புதிய லிஃப்ட்டுகள் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை என்பது இதனால் விளங்கும். வரிசையில் நிற்கும் நேரத்தை அவை குறைக்கின்றன. ஒரு மணி நேரத்தில் மேலே ஏற்றிவிடப்படும் ஆள்களின் எண்ணிக்கையையும் கூட்டுகின்றன. கீழே காத்திருந்த கூட்டம் சரிவில் இறங்குகிறது, அவ்வளவே.

கூட்டம் மிகுதி என்று சொல்பவரும் அக்கூட்டத்தில் ஒருவர். அதனால் அவர் கூற்று பொய்யாகிவிடாது. ஆனால் அதற்குள் இருக்கும் விருப்பம் எது என்று கேட்டாக வேண்டும். மற்றவர்கள் வராதிருக்க, தாம் மட்டும் வர வேண்டும் என்பது அவ்விருப்பமானால், ஒருவர் தம் செயலின் நெறியை எல்லார்க்கும் பொதுவிதியாக விரும்ப முடியுமா என்று 1785-இல் காண்ட் வகுத்த சோதனையில் அது உடனே தோற்றுப்போகும், ஏனெனில் ஒவ்வொருவரும் அவ்வாறே விரும்பினால் மலையில் இருக்கத் தகுந்தவர் ஒருவரும் எஞ்சார். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று ஒரு வரம்பு வேண்டும், அதனால் சில நாள் தாமும் வெளியே நிற்க நேர்ந்தால் நிற்கத் தயார் என்பது அவ்விருப்பமானால் அது சோதனையில் நிற்கும். குறை சொல்லும் உரிமை இந்த இரண்டாமவருக்கே உண்டு. முதலாமவரிடம் இருப்பது ஏமாற்றம் மட்டுமே.

ஏமாற்றத்தை உரிமையாக மாற்ற எல்லாரும் கையாளும் வழி முன்வருகை, அதாவது முன்னரே வந்தவர்க்கே முதலுரிமை என்னும் வாதம். எண்பதுகளிலிருந்து அம்மலையை அறிந்தவர், பெருநிறுவனம் பருவச்சீட்டு விற்றுக் கூட்டிவந்தவர்களால் தம் மலை பறிபோனதாகச் சொல்வதில் ஓர் உண்மையான துயரம் இருக்கிறது. அதை இகழ்வது தகாது. ஆயினும் முன்வருகையை ஏற்றால் அது எண்பதுகளில் நிற்காது. அம்மலைகள் ஸ்குவாமிஷ், லில்வாட் என்னும் இரு தொல்குடிகளின் வாழ்நிலங்கள் சந்திக்கும் இடம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியைப் போலவே இந்நிலமும் உடன்படிக்கை எதுவும் இன்றி அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. விஸ்லரின் சரிவுகளிலிருந்து சறுக்குவோர் படமெடுத்துக்கொள்ளும் பிளாக் டஸ்க் என்னும் கரிய எரிமலைச் சிகரம், அம்மக்களுக்கு, அவர்கள் தொன்மங்களில் வரும் இடிப்பறவை வந்திறங்கும் புனித இடம். இரு குடிகளும் இணைந்து நடத்தும் பண்பாட்டு மையம் 2008-இல் அடிவார ஊரில் திறக்கப்பட்டது. முன்னரே வந்தவர் என்ற அடிப்படையில் வழக்காட வருபவர் அந்த வழக்கை இவர்கள் முன்னிலையில் நடத்த வேண்டியிருக்கும். அங்கே நாற்பதாண்டுப் பழக்கம் எடுபடாது.

எனவே வரம்பை எவ்வாறு வகுப்பது என்பதே எஞ்சும் கேள்வி. விலையால் வகுப்பது இன்றைய நடைமுறை. வெயில் நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய எபிக் பாஸ் என்னும் பருவச்சீட்டு, பருவம் தொடங்கும் முன்னே வாங்குவோர்க்குப் பல மலைகளையும் ஒரே விலையில் திறந்துவிடுகிறது. ஒருநாள் சீட்டின் விலையோ விடுமுறைக் காலத்தில் 200 கனடிய டாலருக்கு மேல் போய்விடுகிறது. 2022–23 பருவத்தில் அந்நிறுவனம் தன் வட அமெரிக்க மலைகளில் ஒருநாள் சீட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தபோதும், பருவச்சீட்டு வைத்திருப்போர்க்கு அவ்வரம்பு இல்லை. அடிக்கடி வரக்கூடியவர் மேன்மேலும் வருவதும், வாழ்வில் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துவர எண்ணும் குடும்பம் வாயிலிலேயே தயங்குவதும் இதன் இயல்பான விளைவு. அதே மலைத்தொடரில், சறுக்குத் தலத்தை ஒட்டியே கிடக்கும் கரிபால்டி மாகாணப் பூங்காவில் 2020-ஆம் ஆண்டுக் கோடையில் வேறொரு முறை வந்தது: நெரிசலான மலையேற்றப் பாதைகளுக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று வரையறுத்த அனுமதிச் சீட்டு, முன்பதிவு செய்வோர்க்குக் கட்டணமின்றி. அதிலும் குறை உண்டு, குறிப்பாகக் குறித்த நேரத்தில் இணையத்தின் முன் உட்காரும் வாய்ப்புள்ளவர்க்கே அது சாதகம். ஆனால் தேர்ந்தவரையும் புதியவரையும், செல்வரையும் அல்லாதவரையும் ஒரே வகையில் வெளியே நிறுத்தவல்லது அது. மலை பொதுநிலம் என்பதால் நியாயம் இந்த முறையின் பக்கமே இருக்கிறது. லாபத்துக்கு நடக்கும் தலம் அதை ஏற்குமா என்பது வேறு வினா.

இத்தனை சர்ச்சைக்கும் நடுவே ஒருவகைப் பாராட்டு மட்டும் எவராலும் மறுக்கப்படாமல் இருப்பதையும் குறிப்பிட வேண்டும். பச்சை வட்டம் குறியிட்ட எளிய சரிவில், இரு பலகைகளையும் முன்புறம் குவித்து வேகத்தை அடக்கக் கற்றுக்கொண்ட ஒருவர், அன்று அம்மலையில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அதைக் கற்றே வீடு திரும்புகிறார். அருகில் இன்னும் பத்துப் பேர் அதையே கற்றதால் அவருடைய தேர்ச்சி குறைவதில்லை, அவர்கள் விழுந்து எழுவதைப் பார்த்துச் சற்றுக் கூடவும் செய்கிறது. கனத்த பனியும் தாழ்ந்த மேகமும் அவருக்கு ஒரு பொருட்டல்ல. தேர்ந்தவர்கள் தங்கள் தீர்ப்புகளில் இவரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பழகிய நாவுக்கே உண்மை பிடிபடும் என்ற ஹியூமின் அளவுகோல் இந்த ஓரிடத்தில் பற்றாமல் போகிறது.