இருட்டும் மனசும்

கிளாஸ்கோவில் படித்த முதல் வருடம். டிசம்பரில் காலை எட்டரை தாண்டித்தான் விடியும். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஈப்போ வெயிலைத் திட்டியே வளர்ந்த எனக்குப் படுக்கையை விட்டு எழவே மனசு வரவில்லை. "பசியாறிட்டியா? சாமி கும்பிட்டியா?" என்று அம்மா போனில் கேட்பார். ரெண்டுக்கும் பொய்தான் சொன்னேன்.

பக்தி குறைந்ததால்தான் இப்படி என்று என்னையே நொந்துகொண்டேன். இந்தக் குளிர்காலச் சோர்வுக்கு 1984-லேயே நார்மன் ரோசென்தால் குழுவினர் பெயர் வைத்துவிட்டார்கள் என்று டாக்டரைப் பார்த்த பிறகுதான் தெரியும். வைத்தியம் என்ன தெரியுமா? தினமும் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் உட்காருவது!

கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஒரு விளக்கு மாற்றிவிடும் மனசை 'நான்' என்று எப்படிச் சொல்வது? உடம்பும் மனசும் நானல்ல என்று சமய வகுப்பில் ஒப்பித்தோமே, அது இதுதானோ? சோர்வு வந்தது என் குற்றமில்லை. ஆனால் போர்வையை உதறிவிட்டு சுவிட்சைத் தட்ட வேண்டியது நான்தான். மார்கழியில் விடியுமுன்னே எங்களை எழுப்பிக் கோயிலுக்கு இழுத்துப்போவாரே பாட்டி, அவர் அங்கே இல்லையே!

விளக்கைப் போட்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்து திருவெம்பாவை பாடினேன். மூன்றாவது வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்றார்.