வென்றவரின் கடன்

வெற்றியை விரும்பாத உள்ளம் இல்லை. வெற்றி பெற எவ்வாறு உழைக்க வேண்டும் என்று கற்பிப்போர் பலர் உளர். தோல்வியை எவ்வாறு தாங்குவது என்று ஆறுதல் கூறுவோரும் உளர். ஆனால், வென்ற பிறகு எவ்வாறு நடந்துகொள்வது என்பதை நாம் யாரிடம் கற்பது? வென்றவருக்குத் தோற்றவரிடம் கடமை ஏதேனும் உண்டா? இவ்வினாவை எண்ணும்போது, உருகுவே நாட்டுக் கால்பந்து வீரர் ஒப்துலியோ வரேலா நம் நினைவுக்கு வருகிறார்.

1917ஆம் ஆண்டு மொண்டெவிதேயோ நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தற்காப்பையும் தாக்குதலையும் இணைத்து நடத்தும் நடுக்கள ஆட்டக்காரர். பெனாரோல் கழகத்திற்கும் நாட்டு அணிக்கும் தலைவராய் விளங்கியவர். 1948இல் ஆட்டக்காரர்கள் தங்கள் உரிமைகளுக்காக நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றவர். எளிதில் வளைந்து கொடுக்கும் மனிதர் அல்லர்.

1950ஆம் ஆண்டு ஜூலை 16. ரியோ நகரின் மரக்கானா அரங்கில் ஏறத்தாழ 2 லட்சம் மக்கள். உலகக் கோப்பையை வெல்லப் பிரேசிலுக்குச் சமநிலையே போதும். முந்தைய இரு ஆட்டங்களில் சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் அவ்வணி வென்றிருந்தது. வெற்றி விழாவுக்கு நாடே ஆயத்தமாயிருந்தது. இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் பிரேசில் முதல் கோலை அடித்தது. அப்போது வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவரிடம் சென்று நெடுநேரம் வாதிட்டார். தீர்ப்பு மாறாது என்பதை அவர் அறிவார். அரங்கின் ஆரவாரம் தணிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆரவாரம் தணிந்தது. பின்னர் ஸ்கியாஃபினோவும் கிஜ்ஜியாவும் கோல் அடித்தனர். உருகுவே 2-1 என வென்றது. அரங்கு மயான அமைதியில் ஆழ்ந்தது.

அன்றிரவு வரேலா விடுதியில் கொண்டாட்டத்தில் அமர்ந்திருக்கவில்லை. ரியோவின் மதுக்கடைகளுக்குச் சென்று, அழுதுகொண்டிருந்த மக்களிடையே அமர்ந்தார். தம்மை அடையாளம் கண்டால் அடிப்பார்களோ என்று அஞ்சியதாகவும், அவர்களோ தம்மைத் தழுவிக்கொண்டதாகவும், அவர்கள் துயரம் தம்மை வாட்டியதாகவும் பிற்காலத்தில் அவரே கூறினார்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். தோற்றவருக்காக இவ்வளவு வருந்துபவர், களத்தில் சற்று விட்டுக்கொடுத்திருக்கலாமே? கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரங்குவது எளிதன்றோ? இவ்வையத்தை நாம் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், அரைமனத்துடன் ஆடுவது எதிரணியை மதிப்பதாகாது. அவர்களைச் சிறுவர்களாகக் கருதுவதே ஆகும். முழு ஆற்றலுடன் மோதுவது எதிராளிக்கு நாம் தரும் மரியாதை. அது களத்தின் கடன். ஆட்டம் முடிந்ததும் எதிராளி மறைகிறார். மனிதர் மட்டுமே எஞ்சுகிறார். அம்மனிதருக்கு நாம் செலுத்தவேண்டியது வேறொரு கடன். வரேலா இரண்டையும் செலுத்தினார். மேலும், அவர் ஆறுதல் வழங்கும் பெரியவராக அங்குச் செல்லவில்லை. அடிபடவும் கூடும் என்று அறிந்தே சென்றார். இரக்கத்தில் ஒளிந்திருக்கக்கூடிய செருக்கை அந்த அச்சமே அகற்றிவிட்டது எனலாம்.

ஆனால், இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. வென்றவரைத் தழுவிக்கொள்ள முடிந்த அந்நாட்டால், தன் கோல்காப்பாளர் பார்போசாவை மன்னிக்க முடியவில்லை. இரண்டாம் கோலைத் தடுக்கத் தவறினார் என்ற ஒரே பழியை, 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்தக் கறுப்பின வீரர் சுமந்தார். அக்காலப் பிரேசில் சட்டத்தில் எக்குற்றத்திற்கும் 30 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை இருக்கவில்லை. தமக்கோ அது முடியவே இல்லை என்று அவர் மனம் நொந்து கூறினார். நம்மை வென்ற அந்நியரை மன்னிப்பதைவிட, நமக்காக ஆடித் தோற்ற நம்மவரை மன்னிப்பது கடினம் போலும்! தேர்வில் தவறிய பிள்ளை, தொழிலில் நொடித்த உடன்பிறந்தார் என நம் இல்லங்களிலும் பார்போசாக்கள் இல்லையா?

வரேலா 1954 உலகக் கோப்பையிலும் ஆடினார். காயத்தால் அவர் களமிறங்காத அரையிறுதியில்தான் உருகுவே ஹங்கேரியிடம் தோற்றது. 1996இல் அவர் மறைந்தார். செல்வம் சேர்த்து வைக்கவில்லை. அவர் வென்ற கோப்பையை உலகம் போற்றுகிறது. அவர் அன்றிரவு அமர்ந்த இருக்கையோ எந்தக் காட்சியகத்திலும் இல்லை. எனினும், கோப்பையை வெல்லும் ஆற்றல் நம்மில் மிகச் சிலருக்கே வாய்க்கும். தோற்றவரின் அருகே சென்று அமரும் இடமோ நம் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் காத்திருக்கிறது.