வந்தியின் பங்கு



1998 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி 5 முதல் 10 வரை, மொன்றியல், ஒட்டாவா பகுதிகளில் பெய்த உறைமழையை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரமான சூட்டுக்காற்று மேலே பரவியது. சென் லோரன்ஸ் பள்ளத்தாக்கில் குளிர்காற்று கீழே தங்கிவிட்டது. மேலே உருகிய பனி மழையாக இறங்கி, பட்ட இடமெல்லாம் கண்ணாடிபோல் உறைந்தது.

ஒரு துளிக்கு என்ன பாரம்? ஆயினும் துளிமேல் துளி ஏறியபோது இரும்பு மின்கோபுரங்களே நூற்றுக்கணக்கில் மடங்கி விழுந்தன. 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் இழந்தனர். சென்-இயாசாந்த் பகுதியில் சிலருக்கு ஒரு மாதம்வரை வெளிச்சம் வரவில்லை. சிலர் தம் வீட்டிலேயே குளிரில் விறைத்து இறந்தார்கள். மின்பிறப்பாக்கியையும் கரியடுப்பையும் உள்ளே வைத்து, மணமில்லாத நச்சுவாயுவால் மாண்டவர்களும் உண்டு.

இவ்வேளையில் திருவிளையாடற் புராணத்து வந்தியை நினைப்போம். வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஓராள் வந்து கரையடைக்க வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. பிட்டு விற்ற அந்தக் கிழவிக்கோ ஒருவருமில்லை. ஊரார் தத்தம் பங்கை அடைத்துவிட்டார்கள். அவள் பங்கு மட்டும் திறந்து கிடந்தது. அந்த இடைவெளி ஒன்றே போதும், வெள்ளம் ஊருக்குள் புக. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, அவளுக்கு ஆளாக வந்தவர் சோமசுந்தரப் பெருமானே. ஆளில்லாதவரின் பங்கு ஆண்டவனின் பங்கு என்பதே இதன் உட்பொருள்.

1998 இல் ஏறத்தாழ 16,000 படைவீரர்கள் உதவிக்கு இறங்கினார்கள். வீடு வீடாகக் கதவு தட்டியும் பார்த்தார்கள். அந்தத் தட்டலை நாம் தொண்டென்றே கொள்வோம். 2023 ஏப்ரலிலும் கியூபெக்கில் உறைமழை பெய்து, 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன. இனியும் வரும்.

ஆகவே அடியார்களே, நம் கோயிலுக்கு வரும் குடும்பம் ஒவ்வொன்றும், தனியே வாழும் முதியவர் ஒருவரின் பெயரையும் முகவரியையும் இன்றே குறித்து வைத்துக்கொள்வோம். விளக்கணைந்த முதல் இரவே நேரில் போய்ப் பார்ப்போம். வீட்டுக்குள் கரி மூட்டவேண்டாம் என்று சொல்வோம். அவர் தமிழரா, வேற்றினத்தவரா என்று பார்க்கவேண்டாம். வைகைக்கரையில் பெருமான் அப்படிப் பார்க்கவில்லை. கோயிலில் ஏற்றும் தீபம் அன்றிரவு அவர் வாசலிலும் எரியட்டும்.

எல்லோருக்கும் இறையருள் கிட்டுவதாக.